டிரம் கழலவில்லையா? பழைய ராணுவ லாரியில் இறுகிப்போன பிரேக்கை விடுவிக்கும் வழிமுறை

நான் உடைத்த முதல் பிரேக் டிரம் இன்னும் ஷெட் மூலையில் கிடக்கிறது. வாய்ப்பக்கம் ஒரு கை அகலத்துக்குப் பெயர்ந்து போயிருக்கும். அதைக் கழற்ற மூன்று நாள் சம்மட்டியால் அடித்தேன். மூன்றாம் நாள் சாயங்காலம் அது உடைந்தது. உடைந்த பிறகு முகப்பைச் சுரண்டிப் பார்த்தால், நாலு அடுக்குப் பச்சை பெயின்ட்டுக்கு அடியில் இரண்டு ஸ்க்ரூ. டிரம்மை ஹப்போடு, அதாவது சக்கரத்தின் நடுக்குடத்தோடு, பிடித்து வைத்திருந்தது துரு மட்டும் இல்லை, அந்த இரண்டு ஸ்க்ரூவும்தான். கழற்றியிருந்தால் அரை மணி நேர வேலை.

அன்றிலிருந்து சம்மட்டியைத் தொடும் முன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்கிறேன்: இதை இப்போது எது பிடித்திருக்கிறது? ஷூவா (டிரம்முக்குள்ளிருந்து அழுத்திச் சக்கரத்தை நிறுத்துவது), பிரேக் ஆயிலின் அழுத்தமா, துருவா, ஸ்க்ரூவா, பேரிங்கா? ஒவ்வொன்றுக்கும் அறிகுறி வேறு, வைத்தியமும் வேறு. கீழே சொல்வதை அந்த அறிகுறிகளின் வரிசையில் வைத்திருக்கிறேன்.

மனதில் வைத்துக்கொண்டு எழுதுவது இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்க வண்டிகளை: 1941 முதல் 1945 வரை 5 லட்சத்துக்கும் மேல் உற்பத்தியான ஜிஎம்சி சிசிகேடபிள்யூ என்ற இரண்டரை டன் ஆறு சக்கர வண்டி, டாட்ஜ் டபிள்யூசி முக்கால் டன் வண்டி போன்றவை. எல்லாம் ஆயில் பிரேக், டிரம் பிரேக். ஜபல்பூரில் 1959 முதல் தயாரான சக்திமான் லாரியை ராணுவ ஏலத்தில் எடுத்து வைத்திருப்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். அளவுகளை மட்டும் அந்தந்த வண்டியின் கையேட்டைப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.

கை வைக்கும் முன்

தரை சமமாக இருக்கட்டும். தூக்காத சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை. ஜாக்கியை நம்பி அடியில் போகக் கூடாது, ஸ்டாண்ட் வேண்டும். இதெல்லாம் எல்லா லாரிக்கும் பொது. ராணுவ வண்டிக்கே உரிய இரண்டு விஷயங்களைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

ஒன்று, ரிம். டாட்ஜ் டபிள்யூசியில் இருப்பது இரண்டு பாதிகளைப் போல்ட் போட்டுச் சேர்த்த ரிம். வெளி வட்டத்தில் இருக்கும் நட்டுகள் அந்த இரண்டு பாதிகளையும் பிடிப்பவை. உள் வட்டத்து நட்டுகள்தான் சக்கரத்தை ஹப்போடு பிடிப்பவை. டயரில் காற்று இருக்கும்போது வெளி வட்டத்து நட்டைத் தளர்த்தினால் ரிம் பிளந்து பாயும். ஆள் செத்துப்போகும் அளவுக்கான விசை அது. எது எந்த நட்டு என்று தெரிந்திருந்தாலும், வால்வு ஊசியைக் கழற்றிக் காற்றை முழுக்க இறக்கிவிட்டுத்தான் ஸ்பானர் போடுவேன். டயரில் மறுபடி காற்று அடிக்கப் பத்து நிமிடம் ஆகும், ஆகட்டுமே.

இரண்டு, எதிர் மரை. அந்தக் காலத்து வண்டிகள் பலவற்றில் இடப்பக்கத்துச் சக்கர நட்டுகள் வலப்புறம் சுற்றினால்தான் கழலும். நட்டு ஏறும் மரைத் தண்டான ஸ்டட்டின் முனையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துப் பார்த்தால் இடது என்பதற்கான ‘எல்’ எழுத்து பொறித்திருக்கும். பார்க்காமல் ஆறடிப் பைப்பை மாட்டித் தொங்கி, நட்டை இன்னும் இறுக்கி ஸ்டட்டை முறித்தவர்கள் உண்டு. யார் என்று கேட்காதீர்கள்.

வண்டி அசையவே மாட்டேன் என்கிறது

பல வருடம் நின்ற வண்டியைக் கயிறு கட்டி இழுத்தால் பின் சக்கரங்கள் சுற்றாமல் மண்ணில் கோடு போடுகின்றன. உடனே எல்லாரும் பிரேக் ஷூவைத்தான் குறை சொல்வார்கள். பொறுங்கள். இந்த வண்டிகளின் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை. கியர் பாக்ஸுக்கோ, எஞ்சின் விசையை முன் பின் ஆக்சில்களுக்குப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கோ பின்னால், பின்புறத்துக்குப் போகும் ஷாஃப்டில் இருக்கிறது. அது துருப்பிடித்து இறுகினால் சக்கரம் இறுகியது போலவே தெரியும்.

பிரித்தறிவது சுலபம். ஒரு ஆக்சிலின் இரண்டு சக்கரங்களையும் தரையிலிருந்து தூக்குங்கள். ஒன்றைக் கையால் சுற்றும்போது மறுபக்கம் எதிர்த் திசையில் சுற்றினால் இரண்டு சக்கரத்து பிரேக்கும் சுத்தம், பிடித்திருப்பது ஷாஃப்ட். கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்துவிட்டு அந்தச் சின்ன டிரம்மைப் பாருங்கள். ஒரு சக்கரம் கொஞ்சமும் அசையாவிட்டால் அந்தச் சக்கரத்தில்தான் கோளாறு.

அப்புறம், இழுத்தே விடுவிக்கலாமா என்ற கேள்வி. லேசான துரு என்றால் முன்னும் பின்னுமாக ஒரு சின்ன உலுக்கலில் ‘டக்’ என்று விட்டுவிடும். மூன்று நான்கு முறை அப்படிச் செய்து பார்ப்பதில் தப்பில்லை. ஆனால் சக்கரம் சுற்றாமல் இழுபட ஆரம்பித்தால் அங்கேயே நிறுத்த வேண்டும். வண்டியின் சொந்த எஞ்சினில் லோ ரேஞ்ச் (வேகம் குறைந்து முறுக்கம் கூடும் கியர்) போட்டு முயற்சி செய்யவே கூடாது. அந்தக் கியரில் வரும் முறுக்கத்துக்கு ஷூ விடுவதற்கு முன் ஆக்சில் ஷாஃப்ட் போய்விடும்.

ப்ளீடரைத் திறந்ததும் சக்கரம் விடுகிறது

ஒரு சக்கரம் மட்டும் பிடித்திருக்கிறது என்று தெரிந்ததும் முதலில் நான் செய்வது இது. டிரம்முக்குப் பின்னால் ஷூவைத் தாங்கும் பேக் பிளேட்டின் பின்னால், ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரில் இருக்கும் ப்ளீடர் நிப்பிளை (ஆயிலை வெளியே விடும் திருகை) அரைச் சுற்றுத் திறப்பேன். ஆயில் பீய்ச்சி அடித்து, சக்கரம் கையோடு சுற்றினால் துருவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. உள்ளே அழுத்தம் சிக்கிக்கிடந்திருக்கிறது. காரணம் பெரும்பாலும் ரப்பர் ஹோஸ். வெளியே பார்த்தால் நன்றாகத்தான் இருக்கும். உள் சுவர் ஊறி வீங்கி, துவாரம் ஊசி முனை அளவுக்குச் சுருங்கியிருக்கும். கால் மிதிக்கும் அழுத்தத்தில் ஆயில் உள்ளே போய்விடும், திரும்பி வர விசை போதாது. ஹோஸை மாற்றுங்கள், குத்தித் துளையைப் பெரிதாக்கப் பார்க்காதீர்கள்.

நிப்பிளே துருப்பிடித்துத் திரும்பாவிட்டால் முறிக்காமல் விட்டுவிட்டு, பைப் வந்து சேரும் நட்டைத் தளர்த்திப் பாருங்கள். பலன் ஒன்றுதான்.

ப்ளீடரைத் திறந்தும் அசையவில்லை

இப்போதுதான் உண்மையான துரு. மழையில் நனைந்தோ ஆற்றில் இறங்கியோ வந்த வண்டியை அப்படியே நிறுத்தினால் ஷூவின் மேல் இருக்கும் உராய்வுப் பட்டையான லைனிங் ஈரத்தைக் குடித்துக்கொள்ளும். எதிரே இருப்பது வார்ப்பிரும்பு. இரண்டுக்கும் நடுவே துரு வளர்ந்து பசை மாதிரி ஒட்டிக்கொள்கிறது. அது போக, வீல் சிலிண்டரின் பிஸ்டனும் நீட்டிய நிலையிலேயே இறுகியிருக்கலாம். பழைய பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும் குணமுடையது. அந்த ஈரம் சிலிண்டரின் அடியில் தேங்கித் துருவாகிறது.

பேக் பிளேட்டின் வெளிப்பக்கம் ஒவ்வொரு ஷூவுக்கும் ஒன்றாக ஆறுமுகத் தலை தெரியும். அதை அட்ஜஸ்டர் கேம் என்பார்கள். உள்ளே ஒரு பக்கம் துருத்திய வட்டு ஷூவைத் தள்ளிக்கொண்டிருக்கிறது. அதைத் தாழ்ந்த பக்கத்துக்குத் திருப்பினால் ஷூ உள்ளே வர இடம் கிடைக்கும். முந்தின நாளே எண்ணெய் விட்டு ஊறவையுங்கள். ஸ்பானரைப் போட்டு முன்னும் பின்னும் சிறிது சிறிதாக அசைத்து வழிக்குக் கொண்டுவாருங்கள். ஒரே பிடியாகத் திருப்பினால் தலை மட்டும் கையோடு வரும், கேம் உள்ளே அப்படியே நிற்கும். எது தாழ்ந்த பக்கம் என்று எழுதியிருக்காது. எதிர்ப்பு குறைந்து தளதளவென்று வரும் இடம்தான் அது.

கேம் தளர்ந்த பின் டிரம்மின் வெளிச்சுற்றில், லைனிங் உட்காரும் இடத்துக்கு நேர் மேலே, மரக்கட்டையை வைத்து நடுத்தரச் சுத்தியலால் சுற்றிச் சுற்றித் தட்டுங்கள். பலம் தேவையில்லை, எண்ணிக்கைதான் தேவை. நாற்பது ஐம்பது தட்டு. இடையிடையே சக்கரத்தை முன்னும் பின்னும் அசைக்க வேண்டும். லைனிங் விடும்போது பலகை பிளப்பது போல ஒரு வறட்டுச் சத்தம் கேட்கும். சில நேரம் லைனிங் ஷூவிலிருந்து பெயர்ந்து டிரம்மோடு ஒட்டியபடியே சுற்றும். உள்ளே எதுவோ உரசி உருள்வது போலிருந்தால் அதுதான். கவலை வேண்டாம், எப்படியும் அந்த லைனிங் குப்பைக்குத்தான் போகிறது.

சக்கரம் நன்றாகச் சுற்றுகிறது, டிரம் மட்டும் வரவில்லை

மக்கள் அதிகம் உடைப்பது இந்தக் கட்டத்தில்தான். பாதி வேலை முடிந்த தைரியத்தில் பெரிய சம்மட்டி கைக்கு வந்துவிடுகிறது.

முதலில் உங்கள் டிரம் எந்த வகை என்று பாருங்கள். ஹப்பின் மேல் தொப்பி மாதிரி வெளியிலிருந்து மாட்டியதா, அல்லது ஹப்போடு சேர்த்துப் பின்னாலிருந்து ஸ்டட்டில் இறுக்கியதா? இரண்டாவது வகை தனியாக வராது. ஹப்பையே கழற்ற வேண்டும், அதைக் கீழே சொல்கிறேன். ஒரே வண்டி மாடலிலேயே ஆக்சில் வகைக்கு ஏற்ப இது மாறலாம், ஆகவே அடுத்த ஷெட்டில் பார்த்ததை நம்ப வேண்டாம்.

தொப்பி வகை என்றால் முகப்பைக் கம்பி பிரஷ்ஷால் இரும்பு தெரியும் வரை தேயுங்கள். ஸ்டட்டுகளுக்கு நடுவே தலை அமிழ்ந்த ஸ்க்ரூ இருக்கிறதா? இருந்தால் சாதாரண ஸ்க்ரூ டிரைவரைத் தொடாதீர்கள், காடி மழுங்கிவிடும். சுத்தியலால் அடித்தால் திரும்பும் இம்பாக்ட் டிரைவர்தான் இதற்கு. முதல் இரண்டு அடி இறுக்கும் பக்கம், அப்புறம் கழற்றும் பக்கம். தலை ஏற்கெனவே மழுங்கியிருந்தால் ஒரு நட்டை அதன் மேல் வைத்து நடுவில் வெல்டிங் நிரப்பி, சூடு ஆறும் முன் ஸ்பானரால் திருப்புங்கள். அந்தச் சூடே பாதி வேலையைச் செய்துவிடும்.

ஸ்க்ரூ போன பிறகும் வராவிட்டால் பிடித்திருப்பது டிரம்மின் நடுத்துளைக்கும் ஹப்பின் விளிம்புக்கும் இடையிலான துரு. மயிரிழை இடைவெளிதான், ஆனால் சுற்றிலும். இங்கே எண்ணெய் சும்மா தெளித்தால் வழிந்து தரைக்குப் போய்விடும். நான் பழைய பருத்தித் துணியை நாடாவாகக் கிழித்து, எண்ணெயில் முக்கி, அந்த மூட்டைச் சுற்றி இறுக்கக் கட்டி, மேலே பாலிதீன் பையைச் சுற்றி ஒரு ராத்திரி விடுவேன். காலையில் திரும்ப நனைப்பேன். எண்ணெய்க்கு ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் அசிட்டோனும் சரிபாதி கலந்தது நன்றாக ஊடுருவும். கலக்கிக்கொண்டே பயன்படுத்த வேண்டும், இரண்டும் பிரிந்துவிடும். தீப்பிடிக்கக்கூடியது என்பதால் அன்றைக்கு கேஸ் விளக்கைப் பக்கத்தில் கொண்டுவரக் கூடாது.

அடிக்கும் முன் ஒரு சின்ன வேலை. ஹப்பின் முகத்திலிருந்து டிரம்மின் முகத்துக்கு மூட்டைக் குறுக்காகக் கடந்து சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். அடிக்க அடிக்க அதையே பாருங்கள். கோடு மூட்டில் ஒரு நூல் விலகினாலும் துரு உடைந்துவிட்டது என்று பொருள். கண்ணுக்கு வேறு எதுவும் தெரியாத நேரத்தில் அந்தக் கோடுதான் வேலை நடக்கிறதா என்று சொல்லும். காதுக்கும் ஒரு அடையாளம் உண்டு. இறுகியிருக்கும்போது ‘தொம் தொம்’ என்று செத்த சத்தம், விட்டதும் டிரம் தனியாக அதிர்ந்து ‘ணங்’ என்று கேட்கும்.

அடி விழ வேண்டிய இடம் ஸ்டட்டுகளுக்கு நடுவே, மையத்துக்கு அருகில், தட்டையான முகத்தில். எதிரெதிர் இடங்களில் மாற்றி மாற்றி அடிக்க வேண்டும். ஓரத்தில் அடித்தால் வார்ப்பிரும்பு வளையாது, உடையும். ஸ்டட்டில் பட்டால் மரை போகும், அதனால் இரண்டு ஸ்டட்டில் நட்டை நுனியோடு சேர்த்து மாட்டி வைத்துவிடுங்கள். டிரம் திடீரென்று விட்டால் காலில் விழாமலும் அவை தடுக்கும்.

டிரம் முகத்தில் மரை போட்ட இரண்டு துளைகள் காலியாக இருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. அதில் போல்ட்டை முறுக்கினால் நுனி ஹப்பின் முகத்தில் முட்டி டிரம்மை வெளியே தள்ளும். துளைக்குள் அடைத்த அழுக்கை முதலில் மரை டேப் விட்டுச் சுத்தம் செய்ய வேண்டும். இரண்டு போல்ட்டையும் மாற்றி மாற்றிக் கால் சுற்று முறுக்கி, இறுகியதும் முறுக்குவதை நிறுத்திவிட்டு நடுமுகத்தில் ஒரு அடி. மறுபடி கால் சுற்று. முறுக்கிக்கொண்டே போனால் டிரம் விரிசல் விடும். துளை இல்லாவிட்டால் நானே போடுவேன்: எதிரெதிராக இரண்டு இடத்தில் 8.5 மில்லிமீட்டர் துளையிட்டு 10 மில்லிமீட்டர் மரை. பின்னால் ஹப்பின் திடமான முகம் இருக்கும் இடமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். மூன்று கால் புல்லரை ஓரத்தில் மாட்டி இழுப்பதைவிட இது பாதுகாப்பானது.

கடைசி வழி சூடு. மையத் துளையைச் சுற்றி டிரம் பக்கம் மட்டும் கேஸ் சுடரை ஓரிடத்தில் நிறுத்தாமல் வட்டமாக ஓட்டுங்கள். தண்ணீர் தெளித்தால் சடசடவென்று துள்ளும் அளவு போதும். நிறம் மாறினால் அதிகம். டிரம் விரிந்து ஹப் இன்னும் குளிர்ந்திருக்கும் அந்த ஒரு நிமிடத்தில் அடிக்க வேண்டும். வரவில்லை என்றால் சூடு இருக்கும்போதே மெழுகுவர்த்தியை மூட்டில் தேயுங்கள், உருகி உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆறவிட்டு மறுபடி முயலுங்கள். தண்ணீர் ஊற்றி அவசரமாக ஆற்றினால் வார்ப்பிரும்பு வெடிக்கும். டயரைக் கழற்றி அப்பால் வைத்தாயிற்றா, பிரேக் ஆயில் ஒழுகியிருக்கிறதா, ஹப்பில் கிரீஸ் வழிகிறதா என்று முதலில் பாருங்கள். ஸ்பிரே கிளீனர் அடித்த இடத்தில் சுடர் காட்டவே காட்டாதீர்கள். குளோரின் கலந்த வகையாக இருந்தால் வருவது விஷ வாயு.

ஒரு விரல் அளவு வந்து நிற்கிறது

சந்தோஷப்படலாம், ஹப் விட்டுவிட்டது. இப்போது பிடிப்பது ஷூ. லைனிங் தேய்த்த பகுதி பள்ளமாகி, டிரம்மின் உள்வாயில் தேயாத ஒரு வரம்பு நிற்கும். ஷூ அந்த வரம்பில் மாட்டிக்கொள்கிறது. டிரம்மை ஒரு முறை உள்ளே தள்ளிவிட்டு கேமை இன்னும் தளர்த்துங்கள். மேலும் கீழும், இடமும் வலமும் ஆட்டியபடி இழுங்கள். இழுத்த இடத்திலேயே நேராக அடித்தால் ஷூ வளைந்து இன்னும் சிக்கும்.

கேம் உடைந்துபோய் வேறு வழியில்லை என்றால், பேக் பிளேட்டின் பின்னால் ஷூவைப் பிடிக்கும் ஆணித் தலைகளைக் கிரைண்டரால் தட்டையாக்கி, ஷூவின் முனை மாட்டியிருக்கும் ஆங்கர் பின்னின் நட்டையும் கழற்றிவிட்டு, டிரம்மோடு ஷூவையும் சேர்த்தே வெளியே எடுக்கலாம். ஷூ, ஸ்பிரிங் எல்லாம் போகும். டிரம் பிழைக்கும்.

ஹப்போடு சேர்ந்து வரும் வகை

ஆக்சில் ஷாஃப்டின் ஃபிளாஞ்ச் நட்டுகளைக் கழற்றி ஷாஃப்டை உருவுங்கள். சில ஆக்சில்களில் ஸ்டட்டைச் சுற்றிப் பிளந்த கூம்பு வளையங்கள் இருக்கும். ஃபிளாஞ்சின் நடுவில் சுத்தியலால் ஓங்கி ஒன்று வைத்தால் துள்ளி வெளியே வரும். பிறகு வெளி லாக் நட், மடக்கிய வாஷர், உள் நட். உளியால் தட்டிக் கழற்றுவது வழக்கம்தான் என்றாலும், அந்த அளவுக்கான பெரிய சாக்கெட் ஒன்று வாங்கிவிட்டால் நட்டும் கையும் தப்பிக்கும்.

வெளிப் பேரிங் வந்த பின்னும் ஹப் வராவிட்டால் உள் பேரிங்கின் உள் வளையம் ஸ்பிண்டிலில் (ஹப் சுற்றும் நிலையான தண்டில்) ஒட்டியிருக்கிறது, அல்லது ஷூ பிடித்திருக்கிறது. சக்கரத்தைக் கழற்றாமல் மாட்டியே வைத்து, டயரின் தலையையும் அடியையும் மாற்றி மாற்றி உலுக்குங்கள். அந்த அகலமான பிடி ஒரு நெம்புகோல் மாதிரி ஹப்பை இஞ்சு இஞ்சாக வெளியே நடத்திவிடும். அதுவும் ஆகாவிட்டால் 12 மில்லிமீட்டர் தகட்டில் ஸ்டட் துளைகள் போட்டு, நடுவில் ஒரு பெரிய போல்ட் வைத்து, ஸ்பிண்டில் முனையில் முட்டி இழுக்கும் புல்லரை வெல்டரிடம் செய்துகொள்ளுங்கள். ஸ்பிண்டில் மரையில் போல்ட் நேரடியாக முட்டாமல் நடுவில் ஒரு வட்டத் தகடு வேண்டும்.

டிரம் வந்துவிட்டது

உள்ளே இருக்கும் தூசியைக் கம்ப்ரசரால் ஊதாதீர்கள். அந்தக் காலத்து லைனிங் ஆஸ்பெஸ்டாஸ். ஈரத் துணியால் துடைத்து, துணியையும் தூசியையும் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். முகமூடி போட்டுக்கொள்ளுங்கள்.

டிரம்மைக் கயிற்றில் தொங்கவிட்டுச் சின்னச் சுத்தியலால் தட்டுங்கள். மணி போல் நீண்டு ஒலித்தால் நல்லது, உடைந்த பானைச் சத்தம் கேட்டால் எங்கோ விரிசல். உள்வரம்பை லேத்தில் எடுத்துவிடுங்கள், ஆனால் அனுமதித்த விட்டத்தைத் தாண்ட வேண்டாம். திரும்ப மாட்டும்போது நடுத்துளையில், மறுபடி இறுகாமல் தடுக்கும் ஆன்ட்டி சீஸ் கிரீஸ் விரல் நுனி அளவு. அதற்கு மேல் வைத்தால் சூட்டில் உருகி லைனிங்குக்கு வரும்.

பிரேக் ஆயில் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. அமெரிக்க ராணுவம் 1980களில் சிலிக்கோன் பிரேக் ஆயிலுக்கு மாறியது. அது ஈரத்தை உறிஞ்சாது என்பதால் நின்றே கிடக்கும் வண்டிக்கு நல்லது. ஆனால் டாட் 3 என்ற பழைய வகை பிரேக் ஆயிலோடு கலக்காது. மாறுவதென்றால் பைப், சிலிண்டர் எல்லாம் கழுவி, ரப்பர்கள் அனைத்தையும் மாற்றிவிட்டு மாறுங்கள்.

ஓட்டிப் பார்த்தால் மறுபடி பிடிக்கிறது

இரண்டு கிலோமீட்டர், முடிந்தவரை பிரேக் தொடாமல் ஓட்டிவிட்டு இறங்குங்கள். ஒவ்வொரு டிரம்முக்கும் அருகே கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் சுட்டால் அந்தச் சக்கரத்தின் ஹோஸ் அல்லது வீல் சிலிண்டர். எல்லாமே சுட்டால் பிரேக் மிதிப் பக்கம் போக வேண்டும். மிதி கொஞ்சமாவது சும்மா இறங்கிய பிறகே, ஆயிலை எல்லாச் சக்கரத்துக்கும் அழுத்தி அனுப்பும் மாஸ்டர் சிலிண்டரைத் தள்ளுகிறதா? அந்தத் தளர்ச்சி இல்லாவிட்டால் ஆயில் திரும்பும் சிறு துளை மூடியே இருக்கும், ஒவ்வொரு மிதிக்கும் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். மிதியிலிருந்து மாஸ்டர் சிலிண்டருக்குப் போகும் தண்டின் நீளத்தைக் குறைத்தால் சரியாகிவிடும்.

மிதி சரியாக இருந்தும் எல்லாச் சக்கரமும் பிடித்தால், ஜிஎம்சியில் இருக்கும் ஹைட்ரோவாக் என்ற வாக்குவம் பூஸ்டரை (எஞ்சினின் காற்று உறிஞ்சலால் மிதிக்கு விசை கூட்டும் கருவியை) சந்தேகியுங்கள். பிடித்த நிலையிலேயே எஞ்சினை அணைத்து, மிதியை ஐந்தாறு முறை மிதித்து வாக்குவத்தைத் தீர்த்துவிடுங்கள். சக்கரம் அப்போது விட்டால் பூஸ்டரின் வால்வு ஒட்டிக்கொள்கிறது. அதைக் கழற்றி மேசைக்குக் கொண்டுவாருங்கள், டிரம்மை மறுபடி தொட வேண்டியதில்லை.